போயிட்டு வரேன்

வளைகாப்பன்று சுகாதாரத் துறை மாட்டிவிட்ட வளையல் யாழிசையின் கையில் பச்சையாக ஒளிர்ந்தது. கர்ப்பிணி மனம் கலங்கினால் அது சிவக்கும். சிவந்தால் வண்டி வந்து தனி வார்டுக்கு அள்ளிக்கொண்டு போய்விடும். பக்கத்து பிளாட் கோமளா போய் இன்னும் திரும்பவில்லை. தொற்று முடியும்வரை கர்ப்பிணிகளுக்குச் சாவுச் செய்தி சொல்லத் தடை. இறந்தவர் குரலில் இயந்திரமே பேசுவதாகவும் ஊரில் பேச்சு.

தொற்று வார்டிலிருந்து கணவன் மகிழ்நன் வழக்கம்போல் காலை பத்து மணிக்கு அழைத்தான்.

"சாப்ட்டியாடி பூசணிக்கா?"

"ஆச்சு. இருமல் எப்படி இருக்கு?"

"சுத்தமா நின்னுடுச்சு. சரி, போயிட்டு வரேன்."

கல்யாணமான ஆறு வருஷத்தில் அவன் ஒருநாள்கூட அப்படிச் சொன்னதில்லை. அவளைச் சீண்டவே "போறேன்" என்பான். "வரேன்னு சொல்லித் தொலைங்க" என்று திட்டு வாங்காமல் போனை வைக்க மாட்டான். நேற்றுகூட வாங்கினான்.

வளையல் மஞ்சளானது. வயிற்றில் பிள்ளை உதைத்தது.

"என்னடி, சத்தத்தையே காணோம்?" என்றது குரல்.

யாழிசை மூச்சை மெதுவாக விட்டாள். "நீங்க 'போறேன்'னுதானே சொல்வீங்க? மறந்துட்டீங்களா?"

"போறேன்" என்றது குரல், உடனே.

"வரேன்னு சொல்லித் தொலைங்க" என்று திட்டினாள்.

வளையல் பச்சைக்குத் திரும்பியது. பிரசவத்துக்கு இன்னும் எழுபத்திரண்டு நாள் இருந்தது.