மைக்கைப் பிடுங்கிய அம்மாள்

மூன்றாவது படமும் கலங்கிப்போயிற்று.

“தலையை அசைக்காதீங்க ஐயா, ப்ளீஸ்!” மைக்கில் கெஞ்சினான் ஸ்கேன் எடுக்கும் டெக்னீஷியன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், எந்திரக் குழாய்க்குள் படுத்திருந்தார் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அவருக்குக் கை நடுக்க நோய். இந்த நோயில் மூளைக்குள் இரும்பு எங்கே, எவ்வளவு சேர்கிறது என்று படம் பிடித்துப் பார்க்கும் ஆராய்ச்சி அது. தலை துளி அசைந்தாலும் படம் வீண்.

“அடுத்ததும் கெட்டுப்போச்சுன்னா இவரை ஆராய்ச்சியிலேருந்து எடுத்துடுவாங்கம்மா,” என்றான் பக்கத்தில் நின்ற அவர் மனைவியிடம்.

அந்த அம்மாளுக்கு முகம் வெளுத்துவிட்டது. “ஐயையோ! நமக்கு உதவலேன்னாலும் நாளைக்கு நாலு பேருக்கு உதவும்னு எவ்வளவு ஆசையா வந்தார் தெரியுமா?”

சொன்ன கையோடு மைக்கைப் பிடுங்கிவிட்டாள்.

“ஏங்க! அறிவிருக்கா உங்களுக்கு? சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போனா மூணு மணி நேரம் கட்டை மாதிரி கெடந்து குறட்டை விடத் தெரியுதுல்ல? இங்க பத்து நிமிஷம் சும்மா கெடக்க வலிக்குதா? இனிமே அசைஞ்சீங்க, குழாய்க்குள்ளேயே விட்டுட்டு நான் பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடுவேன், ஆமா!”

அவன் பதறிப்போய் மைக்கை அணைத்தான். “என்னம்மா இது? உடம்பு முடியாதவர்கிட்ட இப்படியா பேசுறது? கொஞ்சமாவது இரக்கம் வேணாமா?”

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். “வாய் தவறிடுச்சுப்பா…” கண் நிறைந்துவிட்டது.

வேண்டாவெறுப்பாக மறுபடி எந்திரத்தை ஓட்டினான். இந்த முறை தலை இம்மியும் அசையவில்லை. இரும்பு சேர்ந்த இடமெல்லாம் திரையில் கறுப்பாக, பளிச்சென்று விழுந்தது.

பயத்தில் மனுஷன் விறைத்துக் கிடக்கிறார் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டே உள்ளே ஓடினான். மெதுவாக எழுப்பி உட்கார வைத்தான்.

“அம்மா ஏதோ கோபத்துல பேசிட்டாங்க. மனசுல வச்சுக்காதீங்க ஐயா.”

பெரியவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. நடுங்கும் இரண்டு கைகளாலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உங்க மைக்குக்குக் கோடி நன்றி தம்பி! நோய் வந்த நாள்லேருந்து அவ என்னை ஒரு வார்த்தை திட்டினதில்ல. எதுக்கெடுத்தாலும் ‘மெதுவா, பாத்து’ன்னு தடவிக் கொடுத்தே பேசுவா. சரி, நம்ம கதை முடிஞ்சுதுன்னு அவளே முடிவு பண்ணிட்டாபோலன்னு உள்ளுக்குள்ள செத்துக்கிட்டிருந்தேன். இன்னைக்குத்தான் தம்பி, என்னை மனுஷனா மதிச்சுத் திட்டினா!”