பத்து வயது வாசகன்

"சுத்த ஏமாத்து வேலை சார்! வீடியோ கேம் பரிசு பன்னிரண்டு வயசுக்குள்ள இருக்கறவங்களுக்குத்தான். அகிதா ஊர்லேர்ந்து தைச்சிங்கற இந்தப் பையன் நாலு வருஷமா பத்து வயசுன்னே எழுதறான்."

சிறுவர் படக்கதைப் பத்திரிகையின் உதவியாசிரியை மினேகிஷி, பரிசுக்காக வாசகர்கள் நிரப்பி அனுப்பும் அட்டைகளை மேசையில் போட்டாள். ஆசிரியர் சுகாயா புரட்டிப் பார்த்தார். எல்லாம் ஒரே கையெழுத்து. 'பிடித்த படக்கதை' என்ற இடத்தில், மூன்று வருடங்களுக்கு முன்பே முடிந்துபோன தொடரின் பெயர்.

"பத்திரிகையைப் பிரிச்சுக்கூடப் பாக்கறதில்ல. பரிசு மட்டும் வேணுமாம். இரு, வாங்கு வாங்குன்னு வாங்கறேன்."

அட்டையிலிருந்த எண்ணுக்குப் போன் போட்டார். பையனின் அப்பா எடுத்தார்.

"பத்திரிகையிலேர்ந்து பேசறேன். ஏங்க, உங்க பையனுக்கு வயசு ஏறவே ஏறாதா? எப்பவோ முடிஞ்ச கதையையே பிடிச்சதுன்னு எழுதறானே?"



"மன்னிச்சிடுங்க சார். மாசாமாசம் புத்தகத்தை வாங்கி, அவன் போட்டோ முன்னால வெச்சு ஊதுவத்தி ஏத்துவேன். அட்டையை மட்டும் அவன் பேர்ல நான் எழுதிப் போட்டுடுவேன். அந்தக் கதை முடிஞ்சது அவனுக்குத் தெரியாதுங்க."

சுகாயா அட்டைகளை மெல்ல அடுக்கி வைத்தார்.

"தப்புதான் சார். இனிமே வயசு எத்தனைன்னு எழுதட்டும்?"