சேர்க்கச் சொன்ன டாக்டர்

பார்வையாளர் நேரம் தொடங்கியதும் நீலாவதி தலையில் முக்காட்டோடு வார்டுக்குள் வந்தாள்.

பவானிபூரை மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருந்த காலம். புழுதிக்குப் பயந்து பாதி ஊர் தலையை மூடிக்கொண்டுதான் திரிந்தது. ஆபீஸிலிருந்து நேராக வந்து உட்கார்ந்திருந்த பரமசிவம் அதைக் கண்டுகொள்ளவில்லை.

காலையிலிருந்தே பெண்டாட்டி முகத்தைப் பார்க்க அவனுக்குக் கூசியது.

கட்டிலில் பாப்பா வீங்கின கன்னமும் வாயில் பஞ்சுமாகக் கிடந்தாள். ஆறு வயது. ராத்திரியில் வார்டில் அம்மாக்களுக்கு அனுமதி கிடையாது. அழுது அழுதுதான் தூங்கினாள் என்று ஆயா சொன்னாள்.

கடைவாய்ப் பல்லடியில் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு கட்டி, அவ்வளவுதான். காலையில் கூட்டிவந்தால் எடுத்துவிட்டு, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன் என்றுதான் டாக்டர் சொன்னார்.

தலையைச் சொறிந்தது பரமசிவம்தான். அன்றைக்கே திரும்பினால் செலவு கைக்காசு. பூஜைக்குத் துணி எடுத்ததில் கையில் ஒன்றும் மிச்சமில்லை. சேர்த்துப் படுக்கவைத்தால் பல மடங்கு ஆகும், ஆனால் அத்தனையும் கம்பெனி தலையில். டாக்டர் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சரி என்றார்.

வீட்டில் உள்ளதைச் சொன்னால் கௌரவம் என்னாவது? டாக்டர் சேர்த்தே ஆகணும் என்கிறார் என்று சொல்லிவைத்தான். அதற்கப்புறம் நீலாவதிக்குச் சோறு இறங்கவில்லை. பெற்றவள் அப்படித்தான் இருப்பாள் என்று விட்டுவிட்டான்.

அவனைக் கூச வைத்தது மாடிவீட்டுக் குழந்தை டும்பா. அதே டாக்டர், அதே மாதிரிக் கட்டி, அதே நாள். நேற்றுக் காலையில் வந்தவள் மத்தியானமே தன் அம்மா மடியில் உட்கார்ந்து ரிக்‌ஷாவில் வீடு போய்ச் சேர்ந்துவிட்டாள். இன்று காலை மாடிப்படியில் உட்கார்ந்து மண்கிண்ணத்திலிருந்து மிஷ்டி தோய் என்கிற இனிப்புத் தயிரைத் தின்றுகொண்டிருந்தாள்.

அந்தக் குழந்தைக்குச் சாதாரணக் கட்டி, கொடுத்துவைத்தவள் என்று நீலாவதி பெருமூச்சு விட்டாள். அப்போதாவது அவன் சொல்லியிருக்கலாம். செருப்பை மாட்டிக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டான்.

இப்போது அம்மாவைப் பார்த்ததும் பாப்பா எழுந்து தாவி, முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

முக்காடு சரிந்தது.

இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னலைக் காணோம். மழித்த தலையில் பூசின சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

வார்டே திரும்பிப் பார்த்தது. நீலாவதி அவசரமில்லாமல் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"டாக்டரே சேர்க்கணும்னு சொன்னா அது என்ன கட்டியா இருக்கும்னு எனக்குத் தெரியாதா? சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கிட்டேன். பிள்ளைதான் பிழைச்சிட்டாளே, ஊருக்குப் போற வரைக்கும் கடனை வச்சிருக்கக் கூடாதுன்னு காளிகாட்டுலயே முடி இறக்கிட்டேன்."

பரமசிவம் வாயைத் திறந்தான்.

"நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. முடிதானே, வளந்துடும்."

கல்யாணம் ஆன நாளிலிருந்து பெண்டாட்டி பேச்சைக் கேட்டறியாத பரமசிவம், அன்றைக்கு அவள் சொன்னபடியே இருந்துவிட்டான்.