இடப்பக்கத்துப் பள்ளம்

“அப்பா நாற்காலியில யாரும் உக்காரலையே?”

தொலைபேசியில் அம்மா கேட்டாள். மூத்த மகள் வீட்டுக்கு அவள் போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. சாப்பிட்டாயா, தூங்கினாயா எல்லாம் பிறகுதான்.

“யாரும் உக்காரலம்மா” என்றாள் இளையவள்.

அதில் பொய் இல்லை. உட்காருவதற்கு அந்த இருக்கையே இல்லாமல் போயிருந்தது.

வீடுகளை அழகுபடுத்திக் கொடுப்பது இளையவளின் தொழில். ஊரார் வீட்டையெல்லாம் ஜோடித்தவள், பெற்றவள் அறையைத் தொட்டதில்லை. அம்மா திரும்புவதற்குள் அதையும் முடித்து அசத்திவிட நினைத்தாள். சுவருக்கு வெளிர்பச்சை. ஜன்னலுக்குப் புதுத் திரை. அப்பாவின் பிரம்பு நாற்காலிக்குப் புதுப் பின்னல்.

அவள் தொழிலில் தொய்ந்த பிரம்பு என்பது பொத்தான் போன சட்டை மாதிரி. கண்ணில் பட்டால் கை சும்மா இராது.

அப்பா போய் எட்டு மாதம். அம்மா அந்த நாற்காலியைத் துணியால் துடைப்பதில்லை. வாயால் ஊதித்தான் தூசி போக்குவாள். பிரம்பு நைந்துவிட்டதென்று பயப்படுகிறாள் போலும் என்று இளையவள் நினைத்திருந்தாள்.

அப்பா உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த அந்தப் பள்ளம்தான் அம்மாவுக்கு மிச்சமிருந்த அப்பா என்பது, அம்மாவின் அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகுதான் இளையவளுக்கு உறைத்தது.

பிரம்பு பின்னுகிறவரைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“அந்தப் பழசா? அதை அன்னிக்கே அடுப்புல வச்சுட்டோமேம்மா.”

மறுநாள் காலை பழம்பொருள் சந்தை. மதியம் அம்மாவின் ரயில்.

தகரக் கூரைக்குக் கீழே நூறு கடைகள். குழாய்களில் கட்டித் தொங்கவிட்ட சரவிளக்குகள். தட்டுத் தட்டாகக் கதவுக் கைப்பிடிகள். சாத்திவைத்த நிலைக்கண்ணாடிகள் ஒவ்வொன்றிலும் தலைகலைந்த ஒருத்தி ஓடிக்கொண்டிருந்தாள்.

கையில் அவளுடைய குறிப்பு நோட்டு. எந்த அறையானாலும் அதன் வாசலில் நின்று பார்த்து வரைந்துகொள்வது அவள் வழக்கம். வீட்டுக்காரர்கள் முதலில் பார்ப்பது அங்கிருந்துதானே. அம்மா அறைக்கான பக்கத்தில், வாசலைப் பார்த்திருக்கும் நாற்காலிக்குப் பக்கத்தில் எழுதியிருந்தாள்: ‘இடப்பக்கம் பள்ளம். பின்னக் கொடுக்கவும்.’

அப்பா எப்போதும் ஒருபக்கமாகச் சாய்ந்துதான் உட்காருவார்.

“பிரம்பு நாற்காலி இருக்கா? தொய்ஞ்சது வேணும். இடப்பக்கமா பள்ளம் விழுந்திருக்கணும்.”

கழுத்தில் எந்நேரமும் அளவு நாடா தொங்குவதால் சந்தையில் அவளுக்கு ‘டேப் அக்கா’ என்று பெயர். கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்னக்கா, காய்ச்சலா? போன வருஷம் ஒரு கீறலுக்காக என் மேசையைத் திருப்பி அனுப்பின ஆளு நீங்க!”

எல்லோரும் புதிதாகப் பின்னி வைத்திருந்தார்கள். யானையே உட்காரலாம் என்று தட்டிக் காட்டினார்கள். அவளைப் போன்றவர்களுக்குப் பயந்துதான் அந்தச் சந்தையில் ஒரு தொய்ந்த நாற்காலிகூட மிஞ்சவில்லை.

இருந்தும் ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து பார்த்தாள். உட்கார்ந்தாள், எழுந்தாள், ஓடினாள். பதினொரு மணி. பதினொன்றரை.

கடைசி வரிசையில், ஓர் அலமாரிக்குப் பின்னால், பூந்தொட்டிகளைச் சுமந்துகொண்டு ஒன்று நின்றது.

“அதைக் காட்டவே வெக்கமா இருக்குக்கா” என்றாள் கடைக்காரப் பெண்.

தொட்டிகளை இறக்கிவிட்டு உட்கார்ந்தாள். இடது தொடைக்குக் கீழே பிரம்பு மெல்ல இறங்கிக்கொடுத்தது.

யாருடைய எடையோ. எத்தனை வருஷத்து எடையோ. அவளால் உடனே எழுந்திருக்க முடியவில்லை.

ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த அதே வகை நாற்காலி. இருக்கைச் சட்டம் மட்டும் தனியாகக் கழன்று வரும். நாடாவை வைத்துப் பார்த்தாள். இம்மி பிசகவில்லை.

வீட்டுக்கு வந்து புதுப் பின்னல் போட்ட சட்டத்தைக் கழற்றிப் பரண்மேல் எறிந்தாள். அப்பாவின் நாற்காலியில் அந்த யாரோ ஒருவரின் பள்ளத்தைப் பொருத்தினாள். முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். ஒரே விதமாகத்தான் உட்காரும் சட்டம். உட்கார்ந்துகொண்டது.

கை கழுவுவதற்குள் வெளியே ஆட்டோ நிற்கும் சத்தம் கேட்டது.

அம்மா பையை இறக்கவில்லை. பச்சைச் சுவரைப் பார்க்கவில்லை, திரையைப் பார்க்கவில்லை. நேராக வந்து அறை வாசலில் நின்றாள்.

அம்மாவின் தோளுக்கு மேலாக, அப்போதுதான் இளையவளும் வாசலிலிருந்து பார்த்தாள்.

பள்ளம் வலப்பக்கம் இருந்தது.

வாசலில் நின்று எழுதிய இடப்பக்கத்தை, அவள் உட்கார்ந்து பார்த்து, உட்கார்ந்தவரின் இடப்பக்கமாக வாங்கியிருந்தாள்.

வாசலிலிருந்து பார்க்க நாற்காலிக்கு இடப்பக்கத்தில், அதை ஒட்டினாற்போல் அம்மாவின் கட்டில். கைக்கு எட்டும் தூரத்தில் அம்மாவின் தலையணை. மூச்சுத் திணறும்போதெல்லாம் அம்மாவுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும். அப்பாவுக்கு முதுகில் ஏதோ கோளாறு என்றுதான் இளையவள் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள்.

இப்போது அந்த நாற்காலியில் இருந்தவர், கட்டிலை விட்டு விலகி, ஜன்னல் பக்கமாகச் சாய்ந்திருந்தார்.

“அம்மா…”

அம்மா பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். மகள்மேல் இடித்துவிடாமல் ஒதுங்கி, வந்த வழியே நடந்தாள். தெருவில் அந்த ஆட்டோ இன்னும் திரும்பிக்கொண்டிருந்தது.