சத்தம் போடாத கார்

ஜாக்கி போட்டு முன்சக்கரத்தைப் பிடித்து ஆட்டினேன். கிழவன் பல்லாய் ஆடியது. ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்திருந்தது.

“எல்லாத்தையும் மாத்தப்போறேன், லோரீன். தெருமுனையில திரும்பும்போதே கடகடன்னு மானம் போகுது.”

“வேணாம் வெர்ன்! அந்தச் சத்தம் கேட்டாத்தான், நீ பத்திரமா வந்துட்டேன்னு எனக்கு நிம்மதி” என்று கெஞ்சினாள் மனைவி.

“ஆமாப்பா, காருக்கே அதுதான் கெத்து” என்றான் மகன் கோல்பி.

பாசக்காரக் குடும்பம். உருகினேன், ஆனால் விடவில்லை. மாலைக்குள் எல்லாம் புதுசு. எங்கள் ஊர் டொலீடோவின் சாலைக் குழிகளில் எல்லாம் இறக்கிப் பார்த்தேன். சத்தமே இல்லை!

ஓடிவந்து வீட்டுக் கதவைத் திறந்தேன்.

டாக்டர் எனக்கு விதித்த பத்தியத்தை எனக்காகத் தாங்களும் காத்து, என்னோடு இலைதழை தின்றுவந்த இருவரும், முழங்கை வரை சாஸ் வழிய, பன்றி விலாவைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

எலும்பைக் கீழே வைக்காமலே கோல்பி கத்தினான்: “சொன்னேனேம்மா, இனிமே காதை நம்ப முடியாது, ஒரு ஆள் ஜன்னல்ல நிக்கணும்னு!”