மாவுப்பூச்சி மருந்து

கடைசி மூன்று படிகளை ஒரே தாவாகத் தாவி மொட்டை மாடிக்கு வந்த மாமியார், மருமகளின் மணிக்கட்டை எட்டிப் பிடித்துவிட்டாள். அந்தக் கையில் ஒரு பாட்டில். அதன் வயிற்றில் மண்டை ஓட்டுப் படம்.

"எந்தச் செடிக்கு அடிச்ச?"

"எதுக்கும் அடிக்கல அத்தை."

"பொய் சொல்லாத. நாத்தம் சமையலறை வரைக்கும் வருது. மூடியைத் திறந்துக்கிட்டு மழைத்தண்ணிக் குழாய்கிட்ட நிக்கிற. அடிச்சது போக மிச்சத்தை ஊத்தி மறைக்கப் பாக்குறியா?"

மருமகள் கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள்.

மாமியார் பாட்டிலைப் பிடுங்கி மூடியை இறுகத் திருகி மூடினாள். ஆறு வருடங்களாக இந்த மாடியில் வேப்பெண்ணெயும், இஞ்சி பூண்டு மிளகாய் அரைத்த கரைசலும், புளித்த மோரும் தவிர வேறெதுவும் செடிமேல் பட்டதில்லை. தெருவில் அவளுக்குப் பெயரே 'பூச்சியம்மா'. இன்னும் ஒரு மணி நேரத்தில் பத்து வீட்டுக்குக் காய்க்கூடை போக வேண்டும். கோடி வீட்டில் இப்போதுதான் சோறு ஊட்ட ஆரம்பித்திருக்கும் கைக்குழந்தைக்கும் இங்கிருந்துதான் காய்.

வரிசை வரிசையாகக் குனிந்து இலைகளைப் புரட்டினாள். கத்தரி இலையில் ஈரமில்லை. வெண்டையிலும் இல்லை. தக்காளித் தண்டில் மாவுப்பூச்சி நேற்றுப் போலவே வெள்ளை வெளேரென்று அப்பிக்கொண்டு, சுகமாக உயிரோடு இருந்தது. தெளிப்பான் மூலையில் சொட்டு ஈரமில்லாமல் கிடந்தது.

அப்படியும் மனசு கேட்கவில்லை. கோடி வீட்டுக்காரியைப் போனில் கூப்பிட்டாள்.

"இன்னைக்குக் கூடை வராதும்மா. செடிக்கு ஒண்ணுமில்ல. வீட்டுலதான் ஒரு கோளாறு."

போனை வைத்துவிட்டு மருமகள் பக்கம் திரும்பினாள். "சோப்புத் தண்ணி தொட்டுத் துடைன்னு சொன்னா இடுப்பு வலிக்குது, இல்ல? அதான் பாட்டில் வாங்கிட்ட."

மருமகள் ஒரு நொடி தயங்கினாள். "ஆமா அத்தை. பூச்சி அதிகமாயிடுச்சேன்னுதான் வாங்கினேன். தப்புதான். இனிமே நடக்காது. அவர் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள இதை எங்கேயாவது கொட்டிடலாம்."

"நல்ல யோசனை. நீ நிக்கிற குழாய் நேரா கிணத்துக்குப் போகுது. தெருவையே ஒட்டுமொத்தமா அனுப்பி வெச்சிடலாம்னு பாக்குறியா?"

மருமகள் உதட்டைக் கடித்துக்கொண்டு குழாயைப் பார்த்தாள். அது அவளுக்குத் தோன்றவே இல்லை.

"உன் புருஷனைப் பார்த்துக் கத்துக்கோ. வேலை போன நாலு மாசத்துல ஒரு நாள்கூட மாடிப்படி ஏறாதவன். முந்தாநாள் தானா வந்து என் பக்கத்துல உட்கார்ந்தான். 'ஏம்மா, கடை மருந்து அவ்வளவு மோசமா'ன்னு கேட்டான். அரை மணி நேரம் விளக்கிச் சொன்னேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசாம கேட்டுக்கிட்டான். அந்த அக்கறையில கால்வாசி உனக்கு உண்டா?"

மருமகள் சட்டென்று நிமிர்ந்தாள். ஏதோ சொல்ல வந்தவள், மாமியாரின் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

"அழுது ஆகப்போறது ஒண்ணுமில்ல. இரு, அவனையே கூப்பிடுறேன். பொண்டாட்டி செஞ்ச காரியத்தை வந்து பார்க்கட்டும்."

"வேண்டாம் அத்தை. என்னை என்ன வேணா திட்டுங்க. அவரைக் கூப்பிடாதீங்க."

"பயமா இருக்கா? நல்லா இருக்கட்டும்."

"ரொம்பப் பயமா இருக்கு அத்தை."

அந்தக் குரல் மாமியாரைக் கொஞ்சம் இளக்கியது. ஆனால் பாட்டிலை விடுவதாக இல்லை. முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

"சரி, அவன்கிட்ட சொல்லல. எந்தக் கடைன்னு சொல்லு. இப்பவே போய் கடைக்காரன் மூஞ்சியில எறிஞ்சிட்டு, எங்க வீட்டுக்கு இனிமே இந்தக் கருமத்தைக் கொடுக்காதேன்னு சொல்லிட்டு வரேன்."

"தெரியாது அத்தை."

"வாங்கினவளுக்குக் கடை தெரியாதா?"

கீழே குளியலறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மருமகள் படிக்கட்டை எட்டிப் பார்த்துவிட்டு, மாமியாரின் காதருகே வந்தாள்.

"நான் வாங்கல அத்தை. உங்க பையன் தலகாணிக்கு அடியில இருந்துச்சு."