சட்டம் போட்ட பக்கம்

“என்னால படிக்க முடியாது. வேற யாரையாவது கேளுங்க.”

இந்தியில் இப்படிச் சொல்லிவிட்டு, பாலச்சந்திரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மாத்ரே, கண்ணாடிச் சட்டத்தைக் கையில் பிடித்தபடி நின்றார். சட்டத்துக்குள் ஒரு பழுப்பேறிய தாள். அது முழுக்கத் தமிழ்.

மருமகள் பார்கவிக்கு முகம் சுண்டிப்போயிற்று. மாமியார் போய் மூன்று வருடமாக பூனா வாகட் பகுதி ஃப்ளாட்டை விட்டு அசையாத மனிதர். கொங்கண் கடலோரம் புதுப்பித்த பழைய கல் வீடு ஒன்றை இணையத்தில் தேடிப் பிடித்து, பிடிவாதமாக அழைத்து வந்தவள் அவள்தான். வந்ததிலிருந்து மாமா வாயே திறக்கவில்லை. கிணற்றடியில் போய் நின்றார். சமையலறை வாசல்வரை போய்த் திரும்பினார். கடைசியில் வாய் திறந்தது இதற்குத்தான்.

“பாவம்பா, இவ்வளவு கேக்கறாரு” என்றான் மகன் முரளி. “எங்களுக்குப் படிக்கத் தெரிஞ்சா உங்களை ஏன் தொந்தரவு பண்றோம்?”

கான்பூரில் வளர்ந்தவன். பார்கவி டில்லி. இருவருக்கும் தமிழ் பேச்சோடு சரி.

மாத்ரே விடாமல் கதையைச் சொன்னார். பதினோரு வருடத்துக்கு முன்பு, இடிந்து கிடந்த வீட்டை எடுத்துக் கட்டி ஆட்களைத் தங்கவிட்ட முதல் மாதம். கரண்ட் கூட வரவில்லை, அரிக்கேன் விளக்குதான். ஒரு மதராஸி ஸாஹேப் மனைவியோடு வந்து நான்கு நாள் தங்கினார். விருந்தினர் நோட்டில் எல்லோரும் இரண்டு வரி எழுதுவார்கள். அவர் ஒரு முழுப் பக்கம் எழுதினார். எல்லாம் சமையலைப் பற்றிய புகழ்ச்சி என்று அந்த அம்மாள் இந்தியில் விளக்கினாளாம். மாத்ரேயின் மனைவி அந்தத் தாளுக்குச் சட்டம் போட்டு அடுப்படியில் மாட்டிவிட்டாள்.

போன மாதம் பூனாவிலிருந்து வந்த கம்ப்யூட்டர்க்காரர்கள் இரண்டு பேர் அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். எதற்கு என்று கேட்டால் சொல்லவில்லை.

“அன்னிலேர்ந்து அவ யாருக்கும் தன் கையால பரிமாறுறதில்லை ஸாஹேப். சட்டத்தைக் கழட்டி அடுப்புல போடுங்கறா. வயசான தமிழ்க்காரர் யாராவது வரட்டும், கேட்டுட்டுப் போடலாம்னு வெச்சிருக்கேன்.”

சமையலறைக் கதவோரம் ஒரு முந்தானை தெரிந்தது.

பாலச்சந்திரன் கையை நீட்டினார். “கொண்டாங்க.”

மனசுக்குள் படித்தார்.

‘குளிக்க உப்புத் தண்ணீர். காபி கிடையாது. பருப்பில் வெல்லம். போளி என்று ஆசை காட்டிவிட்டு வறட்டுச் சப்பாத்தியைப் போட்டார்கள். கேட்டால் இந்த ஊரில் அதற்குப் பேரே போளியாம். சுத்த ஏமாற்று. கல்லைப் புதுப்பித்தவர்கள் சமையல்காரியையும் புதுப்பித்திருக்கலாம்...’

இப்படியே பக்கம் முழுக்க.

விரலை வரிவரியாக நகர்த்திக்கொண்டு, இந்தியில் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார்.

“கிணத்துத் தண்ணில குளிச்சு உடம்பு வலி போச்சுன்னு எழுதியிருக்கான். பருப்புல போட்ட வெல்லம் இன்னும் நாக்குல நிக்குதாம். போளின்னா இதுதான் போளி, இதுவரைக்கும் தின்னதெல்லாம் போளியே இல்லைங்கறான். இந்தக் கல் வீட்டைவிட அந்தக் கை ரொம்ப நாள் நல்லா இருக்கணுமாம்.”

முந்தானை வெளியே வந்தது. மாத்ரேயின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அந்த அம்மாவும் இதேதான் சொன்னா” என்றாள். “நாலு நாளும் அடுப்படியில என்னோடதான் இருந்தா. கூட உக்காந்து போளி இட்டா. ஸாஹேப் தனியா கடற்கரைக்குப் போய்ட்டுக் கோவமா வருவார், இவ சிரிப்பா. போறப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டா. ‘எங்க வீட்டுக்காரருக்கு நல்ல வார்த்தை வாயில வராது. அதான் எழுதிட்டாரு’ன்னா.”

 

அன்று மத்தியானம் தன் கையாலேயே பரிமாறுவதாகச் சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். மாத்ரே சட்டத்தைத் திரும்ப வாங்கக் கை நீட்டினார். கிழவர் விடவில்லை.

“இவ்வளவு நல்லா எழுதியிருக்காரே, யாரு மாமா அவரு?” என்று பார்கவி எட்டிப் பார்த்தாள்.

“எவனோ ஒரு மடையன். பொண்டாட்டி நல்லவ” என்றார் பாலச்சந்திரன், தாளின் அடியில் ஆங்கிலத்தில் போட்டிருந்த தன் கையெழுத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு.